3 டன் ஜாக்கி இருக்கும்போது ஸ்டாண்ட் எதற்கு?

ஜூன் 2 – வாசகர் கேள்வி

கார் 1,150 கிலோ. என்னிடம் இருப்பது 3 டன் ட்ராலி ஜாக்கி. மொத்தக் காரையும் அதன் மேல் ஏற்றினால்கூட இரண்டரை மடங்கு தாங்கும். நான் தூக்குவதோ முன்பக்கத்தை மட்டும். இதற்கு மேல், தூக்கிய காருக்கு அடியில் முட்டுக் கொடுக்கும் இரும்பு ஸ்டாண்ட் வேறு வாங்கி வைக்கச் சொல்வது, விற்கிறவர்கள் கிளப்பிவிட்ட பயம் என்றுதான் தோன்றுகிறது. ஆயில் மாற்ற எவ்வளவு நேரம் ஆகப்போகிறது? படுத்து எழுந்தால் முடிந்தது.

ஜூன் 2, இரவு

உங்கள் கணக்கு சரி. ஆனால் கார் அந்தக் கணக்கில் விழுவதில்லை. எடை தாங்காமல் ஜாக்கி நசுங்கி விழுந்த காரை நான் பார்த்ததே இல்லை. பார்த்ததும் கேட்டதும் எல்லாம் நகர்ந்து விழுந்தவை. ஒன்று, கார் உருண்டிருக்கும். இல்லையென்றால் ஜாக்கி சாய்ந்திருக்கும், அல்லது தரை உள்வாங்கியிருக்கும். 3 டன் என்று எழுதியிருப்பது மேலிருந்து நேராக இறங்கும் எடைக்கு. பக்கவாட்டில் எவ்வளவு தள்ளினால் தாங்கும் என்று எந்த ஜாக்கியிலும் எழுதியிருக்காது.

அதோடு, உங்கள் ஜாக்கியில் காரைத் தாங்கி நிற்பது இரும்பு இல்லை, ஒரு சின்ன சிலிண்டருக்குள் இருக்கும் எண்ணெய். அந்த எண்ணெயை அடைத்து வைத்திருப்பது ஒரு ரப்பர் சீலும், ஒரு வால்வுக்குள் உட்காரும் கோலிக் குண்டைவிடச் சிறிய இரும்புக் குண்டும். குண்டு உட்காரும் இடத்தில் ஒரு துகள் சிக்கினால் போதும், எண்ணெய் கசிந்து கார் மெல்ல இறங்கும். சந்தேகமாக இருந்தால் காரைத் தூக்கி, யாரையும் பக்கத்தில் விடாமல், ராத்திரி முழுக்க அப்படியே வைத்துக் காலையில் ஸ்கேலால் அளந்து பாருங்கள். புது ஜாக்கியில் ஒன்றும் தெரியாது. சில வருடம் ஓடியதில் தெரியும்.

மெல்ல இறங்குவதாவது பரவாயில்லை. நான் பயப்படுவது சட்டென்று நகர்வதற்குத்தான். நாளைக்கு எழுதுகிறேன்.

ஜூன் 3

"ட்ராலி ஜாக்கிக்குச் சக்கரம் இழுத்துக்கொண்டு போகத்தானே?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அதற்கும்தான். ஆனால் தூக்கும்போதும் அந்தச் சக்கரம் உருண்டாக வேண்டும்.

ஜாக்கியின் கை நேர்கோட்டில் மேலே போவதில்லை, வளைவாக ஏறுகிறது. உயர உயர, அதன் தலையில் இருக்கும் வட்டத் தட்டு கைப்பிடிப் பக்கமாகப் பின்வாங்கும். கார் ஓர் இடத்தில் நிற்கிறது, தட்டு பின்வாங்குகிறது என்றால் அந்த வித்தியாசத்தை யார் ஈடுகட்டுவது? ஜாக்கிதான் காருக்கு அடியில் கொஞ்சம் கொஞ்சமாக உருண்டு உள்ளே போக வேண்டும். அடுத்த தடவை தூக்கும்போது ஜாக்கியின் முன் சக்கரம் நிற்கும் இடத்தில் ஒரு சாக்பீஸ் கோடு போட்டுவிட்டு அடியுங்கள். முழு உயரம் போனதும் சக்கரம் கோட்டைத் தாண்டி நன்றாகத் தள்ளி நிற்கும்.

இப்போது அந்தச் சக்கரத்துக்கு முன்னால் ஒரு கூழாங்கல். அல்லது மணல், இரண்டு தரைக்கல்லுக்கு நடுவில் ஓர் இடைவெளி. ஜாக்கி உருளாது. அப்போது தட்டு காரின் அடியில் உரசிக்கொண்டே நழுவும், இல்லையென்றால் காரையே தன் பக்கம் இழுக்கும். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒழுங்காக ஏறுவது போலத்தான் இருக்கும். குனிந்து பார்த்தால் தட்டின் நடுவில் உட்கார வேண்டிய கார் விளிம்பு அதன் ஓரத்துக்கு வந்திருக்கும். நான் கார் தூக்குவதற்கு முன் முதலில் எடுப்பது துடைப்பம்தான். வீட்டில் இதை நம்ப மாட்டார்கள்.

ஸ்டாண்டுக்குச் சக்கரம் கிடையாது, சீலும் எண்ணெயும் கிடையாது. உங்கள் முதல் கேள்விக்கு என் பதில் இவ்வளவுதான். மீதி எல்லாம் கிளைக்கதை.

ஜூன் 3, இரவு

"ஹேண்ட் பிரேக் போட்டு, ஆட்டோமேடிக் கியரை 'பார்க்' நிலையில் வைத்தால் கார் எப்படி நகரும்?"

நல்ல கேள்வி. இதைச் சரியாகப் புரிந்துகொள்ளாமல் வேலை செய்கிறவர்கள்தான் நிறைய.

பெரும்பாலான கார்களில் ஹேண்ட் பிரேக் பிடிப்பது பின் சக்கரங்களை மட்டும். பின்பக்கத்தைத் தூக்கிவிட்டால் அது காற்றில் இருக்கும் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். தரைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

'பார்க்' நிலையும் சாதாரண கியரும் எஞ்சின் எந்தச் சக்கரங்களைச் சுழற்றுகிறதோ அவற்றை மட்டும்தான் பிடிக்கும், அதுவும் டிஃபரன்ஷியல் வழியாக. டிஃபரன்ஷியலின் வேலையே இரண்டு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடுவது. அந்தப் பக்கத்தில் ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கினால், தரையில் இருப்பது முன்னோக்கி உருளலாம், மேலே இருப்பது எதிர்த்திசையில் சுற்றிக் கணக்கை நேர்செய்துவிடும். கியர் பூட்டியபடியே இருக்கும், கார் நகரும்.

ஆக, எஞ்சின் முன் சக்கரத்தை இழுக்கும் காரில் முன்பக்கம் தூக்கினால் ஹேண்ட் பிரேக் காப்பாற்றும். பின்பக்கம் தூக்கினால் கியர் காப்பாற்றும். பின் சக்கரம் இழுக்கும் காரில் பின்பக்கம் தூக்கினால்? ஹேண்ட் பிரேக்கும் பின்னால், கியரும் பின்னால். இரண்டும் காற்றில். முன் சக்கரங்கள் இஷ்டத்துக்கு உருளலாம். அந்த நிலையில் காரை நிறுத்தி வைப்பது டயருக்குக் கொடுத்த முட்டுக்கட்டை ஒன்றுதான்.

கட்டை என்றால் ஆப்பு வடிவத்தில் இருப்பது. உருண்டைக் கல் ஆகாது, டயர் கொஞ்சம் அழுத்தினாலே அதுவும் கூட உருளும். காரின் தரையில் நிற்கிற முனையில், டயருக்கு முன்னும் பின்னும் வைத்து, காலால் உதைத்து இறுக்குங்கள். கையால் வைத்தால் எப்போதும் ஒரு விரல் இடைவெளி நின்றுவிடும். கார் வேகம் பிடிக்க அந்த ஒரு விரல் போதும்.

ஜூன் 5

எங்கே தூக்குவது என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். உங்கள் காரின் கையேட்டில் படம் இருக்கும், முதலில் அதைப் பாருங்கள். இதில் ஒரு காருக்குச் சொன்னது இன்னொரு காருக்குப் பொருந்தாது.

பொதுவாக, கதவுக்குக் கீழே ஓரமாக ஓடும் தகட்டு மடிப்பில் முன் சக்கரத்துக்குச் சற்றுப் பின்னால் ஓர் இடமும், பின் சக்கரத்துக்குச் சற்று முன்னால் ஓர் இடமும் இருக்கும். இரண்டு வெட்டுக் குறிகளுக்கு நடுவில் உள்ள பகுதி உள்ளே தடித்த தகடு கொடுத்துப் பலப்படுத்தியது. குறிக்கு வெளியே அதே மடிப்புதான், பார்க்க வித்தியாசமே தெரியாது, ஆனால் அங்கே வைத்தால் மடங்கிவிடும். ஸ்டாண்டுக்கும் ஜாக்கிக்கும் அந்த ஒரே இடம்தான் என்றால் ஜாக்கி எங்கே போகும் என்ற சிக்கல் வரும். அதற்குத்தான் முன்னால் எஞ்சினைத் தாங்கும் குறுக்குச் சட்டம். கையேடு அனுமதித்தால் அதன் நடுவில் ஜாக்கி கொடுத்துத் தூக்கி, இரண்டு பக்க மடிப்புகளிலும் ஸ்டாண்ட் வைக்கலாம்.

ஆயில் சேம்பரில், அதாவது எஞ்சினுக்கு அடியில் ஆயில் தங்கும் தொட்டியில், ஜாக்கி கொடுக்காதீர்கள். கீழே போனதும் கைக்கு எட்டுவது அதுதான், பார்க்கவும் தட்டையாக, "இங்கே வை" என்று கூப்பிடுகிற மாதிரி இருக்கும். மெல்லிய அலுமினியமோ தகடோதான். தரைத் தகடும் அப்படியே. மின்சாரக் கார் என்றால் அடிப்பக்கம் முழுக்க பேட்டரிப் பெட்டி, அதில் எங்கே ஜாக்கி பட்டாலும் செலவு காரின் விலையை எட்டிப் பார்க்கும்.

பழைய கார் வைத்திருப்பவர்கள் தூக்கும் இடத்தை ஒரு ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் தட்டிப் பாருங்கள். நல்ல தகடு டங் என்று கேட்கும். துரு தின்றது மொத்தென்று கேட்கும், கூடவே அடியில் பூசிய கறுப்புப் பூச்சு பொருக்காக உதிரும். அங்கே தூக்கினால் ஸ்டாண்ட் அசையாமல் நிற்கும், கார் அதற்குள் இறங்கும்.

ஜூன் 6

யாரோ போட்ட படம் பார்த்தேன். நான்கு ஹாலோ பிளாக், மேலே கார், கீழே இரண்டு கால்கள்.

அய்யா, எடுத்துவிடுங்கள். இன்றைக்கே.

சுவரில் அந்தக் கல் நன்றாகத் தாங்குகிறதே என்பீர்கள். சுவரில் எடை கலவை மேல் பரவி, கல்லின் முழு முகத்திலும் இறங்குகிறது. காருக்கு அடியில் அதே கல் மேல் ஒரு தகட்டு விளிம்பு மட்டும் உட்காருகிறது, அதுவும் உள்ளே ஓட்டையாக இருக்கும் இடத்தில். கான்கிரீட் அழுத்தத்தைத் தாங்கும், வளைவையும் இழுவையையும் தாங்காது. உடையும்போது எந்த அறிவிப்பும் கிடையாது. விரிசல் விட்டு, முனகி, உங்களுக்கு நேரம் கொடுத்து உடைவதெல்லாம் இல்லை. ஒரு நொடி கல், அடுத்த நொடி பொடி. படத்தில் இருக்கிற மாதிரி ஓட்டை பக்கவாட்டில் தெரியும்படி படுக்க வைத்தால் இன்னும் மோசம்.

செங்கல் அடுக்கும் இதே கதைதான்.

மரம் வேறு ஜாதி. கனமான கட்டைகளை இரண்டிரண்டாகக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்குவதைத் தீயணைப்பு மீட்புக் குழுவினர் இடிபாடுகளிலும் கவிழ்ந்த வண்டிகளிலும் பயன்படுத்துகிறார்கள். மரம் அமுங்கும், நார் நாராகக் கிழியும், முக்கியமாகச் சத்தம் போடும். அதனால்தான் அவர்கள் அதை நம்புகிறார்கள். ஸ்டாண்ட் இல்லாத இடத்தில் எனக்கு முதல் தேர்வு மர அடுக்குதான். அடுக்கின் உயரம் அதன் அடி அகலத்தைப் போல இரண்டு மடங்கைத் தாண்டக் கூடாது என்பது நான் வைத்திருக்கும் அளவு. ஒரே கட்டையை நெட்டுக்குத்தாக நிறுத்தி முட்டுக் கொடுப்பது இந்தக் கணக்கில் சேராது.

ஜூன் 6, சற்று நேரம் கழித்து

"நான் பக்கத்தில் நின்று காரைப் பிடித்துக்கொள்கிறேன்" என்று சொல்லும் நண்பரைப் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். அவர் 70 கிலோ, கார் 1,150. சாய ஆரம்பித்த காரைப் பிடிக்கப் போனால் அடியில் ஒருவர், பக்கத்தில் ஒருவர் என்று ஆகிவிடும். அவரை ஜாக்கியின் சக்கரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். உருப்படியான வேலை. காருக்குள் மட்டும் உட்கார விடாதீர்கள், கதவைத் திறந்து மூடவும் விடாதீர்கள்.

ஜூன் 9

ஸ்டாண்ட் வாங்கப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது.

ஸ்டிக்கரில் இருக்கும் டன் பல ஸ்டாண்டுகளில் ஜோடிக்கு. 2 டன் என்றால் ஒன்றுக்கு 1 டன். சிலவற்றில் ஒன்றுக்கே எழுதியிருக்கும். சின்ன எழுத்தைப் படிக்கவும். சின்னக் காருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. முன்பக்கம் எஞ்சின் இருக்கும் 1,150 கிலோ காரில் ஏறக்குறைய அறுபது சதவீதம் முன்னால் இருக்கும் என்று வைத்துக்கொண்டால் 690 கிலோ, ஒரு ஸ்டாண்டுக்கு 345. எந்த ஸ்டாண்டும் தாங்கும். நான் பெரிய ஸ்டாண்டை விரும்புவது டன்னுக்காக இல்லை, அடி அகலத்துக்காக. கால்கள் எவ்வளவு விரிந்திருக்கிறதோ அவ்வளவுக்குப் பக்கவாட்டில் தள்ளுவது கஷ்டம். அதே காரணத்துக்காக, ஸ்டாண்டை முழு உயரத்துக்கு இழுக்காமல் வேலைக்கு வேண்டிய அளவு மட்டும் தூக்குவேன்.

இரண்டு வகை உண்டு. ஒன்று பல்லு வகை. நடுத் தண்டில் ரம்பப் பல், அதைக் கவ்வ ஒரு கொக்கி, இறக்க ஒரு கைப்பிடி. இன்னொன்று ஊசி வகை. குழாயில் ஓட்டை, ஓட்டையில் குறுக்கே ஒரு கனமான கம்பி.

பல்லு வகையில் கொக்கி பல்லின் அடிவரை போய் உட்கார்ந்திருக்கிறதா என்பதுதான் எல்லாமே. பல்லின் நுனியில் நின்றாலும் வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரிதான். கைப்பிடியை நன்றாகக் கீழே அழுத்திவிட்டு, டார்ச் அடித்துப் பாருங்கள். 2020-ல் அமெரிக்காவில் லட்சக்கணக்கான ஸ்டாண்டுகள் திரும்பப் பெறப்பட்டது இதனால்தான். தயாரிப்பு அச்சு தேய்ந்து பற்கள் ஒரே ஆழத்தில் வரவில்லை, கொக்கி அரைகுறையாகக் கவ்வி, எடை சற்று மாறினால் சட்டென்று இறங்கக்கூடும் என்பது குறை. அதற்குப் பதிலாகக் கொடுத்த ஸ்டாண்டுகளில் சிலவும் வெல்டிங் குறைக்காக அதே வருடம் திரும்பப் பெறப்பட்டன. மாற்றி வாங்கியவர்கள் திரும்பவும் வரிசையில் நின்றார்கள்.

எனக்கு ஊசி வகைதான். கம்பி ஓட்டைக்குள் போயிருக்கிறதா இல்லையா, அவ்வளவுதான் கேள்வி. பாதி போய்விட்டுப் போன மாதிரி நடிக்காது. இப்போது பல்லு வகையிலும் கூடுதலாக ஒரு பூட்டுக் கம்பி வைத்து வருகிறது, அதுவும் நல்லது.

ஜூன் 9, பிற்சேர்க்கை

ஊசி வகையை ரொம்பப் புகழ்ந்துவிட்டேன். ஓட்டைக்கும் ஓட்டைக்கும் தூரம் அதிகம், வேண்டிய உயரம் நடுவில் மாட்டும். அப்போது சிலர் ஸ்டாண்ட் தலையில் பலகைத் துண்டு வைத்து ஈடுகட்டுவார்கள். வேண்டாம். அடுத்த ஓட்டைக்குக் காரை ஏற்றுங்கள், அல்லது முந்தைய ஓட்டையோடு சமாளியுங்கள். தகட்டு மடிப்பு சிதையாமல் இருக்கத் தலையில் வெட்டு விழுந்த ரப்பர் வில்லை ஒன்று போதும். மரத்துண்டை மடிப்பின் விளிம்பு ஆப்பு மாதிரி நாரோட்டத்தில் பிளந்துவிடும்.

ஊசிக்குப் பதிலாகக் கைக்குக் கிடைத்த போல்ட்டைச் செருகுகிறவர்களும் உண்டு. அதற்கென்று கொடுத்த கம்பியையே போடுங்கள்.

ஜூன் 10

தரை. இதை யாரும் கேட்கவில்லை, ஆனால் எனக்கு இதுதான் பிடித்த பகுதி.

நான்கு கால் ஸ்டாண்டில் தரையைத் தொடுவது நான்கு மூலைகள் மட்டும். ஒரு ஸ்டாண்டுக்கு 345 கிலோ என்றோம். ஒரு மூலைக்கு 86. அந்த மூலை ஐந்து சதுர செ.மீ. என்று வைத்தால் சதுர செ.மீ.க்கு 17 கிலோ. ஒப்பிட்டுப் பார்க்க, டயர் தரையை அழுத்துவது ஏறத்தாழ அதற்குள் இருக்கும் காற்றின் அழுத்தம்தான், சதுர செ.மீ.க்கு 2.2 கிலோவுக்குப் பக்கம். அதாவது கார் தினமும் நிற்கிற அதே தரையை ஸ்டாண்ட் ஏழெட்டு மடங்கு கடுமையாகக் குத்துகிறது. "கார் நிற்குதே, ஸ்டாண்ட் நிற்காதா?" என்பதற்கு இதுதான் பதில்.

சிமெண்ட் தரைக்கு இது ஒன்றுமில்லை. தார்த் தரையில், அதுவும் வெயிலில், கால் புதையும். காலையில் வைத்த ஸ்டாண்டை வெயில் ஏறிய பிறகு குனிந்து பார்த்தேன், இரண்டு கால்கள் விரல் நகம் ஆழத்துக்குத் தாரில் அச்சுப் பதித்திருந்தன, மற்ற இரண்டும் இல்லை. நான்கும் ஒரே அளவு புதைந்தால் பிரச்சினை இல்லை. ஒரு பக்கம் மட்டும் புதைந்தால் ஸ்டாண்ட் சாய்கிறது என்று அர்த்தம். அன்று வேலையை நிறுத்திவிட்டுக் காரை இறக்கினேன்.

தடித்த பிளைவுட், 18 மி.மீ. அல்லது அதற்கு மேல், ஸ்டாண்டின் அடியைவிடச் சுற்றிலும் சற்றுப் பெரிதாக வெட்டிக் கீழே போட்டால் தார்த் தரையில் சமாளிக்கலாம். மண் தரையில் நான் கார் தூக்குவது டயர் மாற்ற மட்டும், அடியில் போக இல்லை. சரிவான தரையிலும் அப்படியே, சரிவு எவ்வளவு லேசாக இருந்தாலும்.

ஜூன் 14

"கழற்றிய சக்கரத்தைக் காருக்கு அடியில் போட்டு வைத்தால் விழுந்தாலும் ஆள் தப்பிப்பான்" என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். ஆமாம், நானும் போடுவேன். செலவில்லாத காப்பு. கதவுக்குக் கீழே ஓரமாக, ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், படுக்க வைத்துத் தள்ளிவிடுங்கள்.

ஜூன் 15

நேற்று எழுதியதை யோசித்துக்கொண்டே டேப் எடுத்துப் போய் அளந்தேன். 195/65 ஆர் 15 டயர் என்றால் அந்த 195 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். படுக்க வைத்தால் அதுவே உயரம், ஏறக்குறைய 20 செ.மீ. மல்லாந்து படுத்த ஆளின் மார்பு உயரம்? எனக்கு 23. கார் விழுந்து சக்கரத்தின் மேல் உட்கார்ந்தாலும் மூன்று செ.மீ. எனக்குச் சொந்தமில்லை.

ஆகவே ஒரு சக்கரம் உயிர்க்காப்பு என்று சொல்வதை மாற்றிக்கொள்கிறேன். கொஞ்சம் காப்பு, அவ்வளவே. சக்கரத்தின் மேல் கனமான மரக்கட்டை ஒன்றை வைத்து, காருக்கும் கட்டைக்கும் நடுவில் ஒரு விரல் மட்டும் இடைவெளி விட்டால் அப்போது அது காப்பு. மார்பு நசுங்குவதில் எலும்பு முறிவதைவிட ஆபத்து, மூச்சை இழுக்க மார்பு விரிய முடியாமல் போவது. சில நிமிடங்களில் முடிந்துவிடும். கத்தவும் முடியாது, கத்தக் காற்று வேண்டுமே. வீட்டில் இன்னொருவர் இருக்கும்போது வேலை செய்யுங்கள் என்று சொல்வது இதனால்தான். அவர் உள்ளே டிவி பார்த்துக்கொண்டிருந்தால் கணக்கில் வராது.

ஸ்டாண்ட் வைத்த பிறகு ஜாக்கியை எடுத்துவிடுவதா, விட்டுவைப்பதா என்று அதே பதிவில் கேட்டிருந்தார்கள். விட்டுவையுங்கள். காரைத் தொட்டும் தொடாமலும், எடை ஏதும் தாங்காமல்.

ஜூன் 20

நான்கு பக்கமும் தூக்குவது பற்றி. இது வீட்டு வேலையில் எப்போதாவதுதான் தேவைப்படும். தேவையில்லை என்றால் செய்யாதீர்கள். காரின் ஒரு முனை தரையில் இருக்கும்வரை டயரும் முட்டுக்கட்டையும் உங்கள் பக்கம். நான்கும் மேலே போனால் நகர்வைத் தடுக்க ஸ்டாண்டுகளைத் தவிர எதுவும் இல்லை.

நடப்பது இதுதான். முன்பக்கத்தை ஸ்டாண்டில் வைத்தாயிற்று. இப்போது பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்குகிறீர்கள். கார் முழுவதும் முன் ஸ்டாண்டுகளின் தலையை அச்சாக வைத்துத் திரும்புகிறது. மடிப்பு தலையில் ஒழுங்காக உட்கார்ந்திருந்தால் சற்றுத் திரும்பி மறுபடி உட்காரும். ரப்பரில் இறுகப் பிடித்திருந்தால் ஸ்டாண்டையும் சேர்த்துச் சாய்க்கும். பின்னால் நின்று ஜாக்கி அடித்துக்கொண்டிருக்கும் உங்களுக்கு முன்னால் நடப்பது தெரியாது. அதனால் ஒரேயடியாகத் தூக்க வேண்டாம். முன்னால் கொஞ்சம், பின்னால் கொஞ்சம், ஸ்டாண்டைத் தாழ்ந்த படியில் வைத்து, ஒவ்வொரு முறையும் போய்ப் பார்த்து.

பார்ப்பதற்கு நான் செய்வது, ஒரு தாளை எடுத்து ஸ்டாண்டின் ஒவ்வொரு காலுக்கும் அடியில் நுழைக்கப் பார்ப்பது. நுழையக் கூடாது. நுழைந்தால் அந்தக் கால் காற்றில் நிற்கிறது, மற்றவை அதன் பங்கையும் சுமக்கின்றன. ஜாக்கியில் காரைச் சற்றுத் தூக்கி, ஸ்டாண்டைத் திருப்பி வைத்து, மறுபடி இறக்குங்கள். கண்ணால் பார்த்தால் நான்கு காலும் தரையில்தான் இருக்கிற மாதிரி இருக்கும்.

முன்பக்கம் முதலிலா பின்பக்கம் முதலிலா என்று சண்டை போட்டுக்கொள்கிறார்கள். முன்னால் எஞ்சின் உள்ள காரில் நான் முன்பக்கம் முதலில். ஹேண்ட் பிரேக்கும் கட்டையும் பிடித்திருக்கும்போதே கனமான பக்கத்தை முடித்துவிடலாம், லேசான பக்கத்தைப் பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம். மாற்றிச் செய்கிறவர்களுக்கும் அவர்கள் காரணம் இருக்கும்.

ஏர் சஸ்பென்ஷன் (ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பைகள்) உள்ள காரை வைத்திருப்பவர்: கையேட்டில் ஜாக்கி போடும் முன் அதை அணைக்கச் சொல்லியிருக்கும். அணைக்காவிட்டால், கார் தானே உயரத்தைச் சரிசெய்யப் பார்க்கும். நீங்கள் அடியில் இருப்பது அதற்குத் தெரியாது.

ஜூன் 21

உலுக்கிப் பார்ப்பது பற்றி எழுதவே இல்லையே என்று ஒருவர் கோபித்துக்கொண்டார். நியாயம்.

ஸ்டாண்டில் இறக்கியதும், அடியில் தலை நுழைக்கும் முன், காரின் ஓரத்தில் கை வைத்துப் பக்கவாட்டிலும் முன்னும் பின்னும் நன்றாக உலுக்க வேண்டும். செல்லமாகத் தட்டுவது போல இல்லை, கீழே போய் ஸ்பானரில் எவ்வளவு பலம் போடப் போகிறீர்களோ அதற்கு மேல். அரை மீட்டர் நீளப் பிடியை 40 கிலோ பலத்தில் இழுத்தால் கிட்டத்தட்ட 200 நியூட்டன் மீட்டர். துருப்பிடித்த போல்ட் அதற்கும் மசியாது, நீங்கள் காலை ஊன்றிக்கொண்டு இன்னும் இழுப்பீர்கள். அந்த 40 கிலோ முழுவதும் காரைப் பக்கவாட்டில் இழுக்கிறது. அதற்குத் தாங்காத கார் நீங்கள் வெளியே நிற்கும்போதே விழட்டும்.

வீல் நட்டுகளை டயர் தரையில் இருக்கும்போதே அரைச் சுற்றுத் தளர்த்திவிடுங்கள். கடைசி இறுக்கலும் கார் இறங்கிய பிறகு. இடம் கொடுத்தால் போல்ட்டைக் காரின் நீளவாக்கில் இழுங்கள், காரின் ஒரு முனை தரையில் கட்டை கொடுத்து இருந்தால் அந்தத் திசைதான் பலம்.

ஜூலை 4

கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார். ஸ்டாண்ட் வாங்கவில்லை, காரை ஓட்டி ஏற்றி நிறுத்தும் சரிவு மேடை, அதாவது ராம்ப், வாங்கிவிட்டாராம். ஆயில் மாற்ற மட்டும் என்றால் அவர் சொல்வது சரி. டயர் கழற்ற முடியாது என்பது தவிர அதில் குறை சொல்ல எனக்கு அதிகமில்லை. அகலமான அடி, எடை இறங்குவதும் டயர் வழியாகத்தான், ஜாக்கியும் வேண்டாம்.

ஏறும்போது மட்டும் கவனம். முன் சக்கரம் இழுக்கும் காரில் டயர் ஏறுவதற்குப் பதிலாக ராம்ப்பை முன்னால் உதைத்துத் தள்ளும். வழவழப்பான தரையில் நிச்சயமாக. அடியில் ஒரு ரப்பர் பாய் போடுங்கள், பாயின் ஒரு நுனி டயருக்குக் கீழே வரும்படி. கார் தன் பாயைத் தானே மிதித்துப் பிடித்துக்கொள்ளும். வழிகாட்ட நிற்பவர் பக்கவாட்டில் நிற்கட்டும், நேர் முன்னால் வேண்டாம். மேலே போனதும் ஹேண்ட் பிரேக், கியர், பின் டயர்களுக்குக் கட்டை. பம்பர் தாழ்வான கார் என்றால் ராம்ப்பின் சரிவு முதலில் பம்பரில்தான் முட்டும், அதற்கு நீளமான சரிவு கொண்டதாகப் பார்த்து வாங்க வேண்டும்.

தலைப்பை விட்டு விலகி ஒன்று: முன்பக்கம் உயர்ந்து நிற்கும்போது, வடிகால் நட்டு சேம்பரின் பின் ஓரத்தில் இருந்தால் ஆயில் நன்றாக வடியும், முன் ஓரத்தில் இருந்தால் கொஞ்சம் தங்கிவிடும். கியர் ஆயில் அளவு பார்ப்பதற்குக் கார் சமமாக நிற்க வேண்டும், ராம்ப்பில் பார்த்தால் தவறான அளவுதான் வரும்.

ஜூலை 5

இறக்கும்போது அவசரப்படுகிறவர்களுக்கு. ஜாக்கியைச் சற்று ஏற்றினால் ஸ்டாண்ட் விடுபடும். அதை வெளியே எடுக்கத் தோள் வரை உள்ளே போக வேண்டாம், காலைப் பிடித்து இழுங்கள். தள்ளி இருந்தால் ஒரு கொம்பு. வால்வை மயிரிழை அளவு திருப்பினாலே இறங்க ஆரம்பிக்கும், அதற்கு மேல் திருப்பினால் தொப்பென்று விழும். அடியில் ஸ்பானர், ஆயில் தட்டு, பூனை எதுவும் இல்லை என்று குனிந்து பார்த்துவிட்டுத் திருப்புங்கள். பூனை என்பது நகைச்சுவைக்கு எழுதவில்லை, எஞ்சின் சூட்டுக்கு வந்து படுத்துக்கொள்ளும்.

ஜூலை 11

வளைந்த ஸ்டாண்டைத் தட்டி நிமிர்த்தலாமா என்று ஒரு தனிச் செய்தி. முடியாது. வெல்டிங் இடத்தில் நிமிர்த்தினால் உள்ளே விரிசல் விழுந்திருக்கலாம், பெயிண்ட் அடித்தால் அது தெரியவும் தெரியாது. பழைய இரும்புக்குப் போடுவதற்கு முன் ஒரு காலை ரம்பத்தால் அறுத்துவிட்டுப் போடுங்கள். முழுசாகப் போட்டால் யாராவது எடுத்துத் துடைத்து, மறுபடி காருக்கு அடியில் வைத்துவிடுவார்கள்.